கைடுக்குக் கைடு யார்? ஆய்வாளர் பரம்பரையைத் தேடிப் பிடிக்கும் வழி

ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் முதல் முறை சந்தித்தால் கேட்டுக்கொள்வது "எந்த ஊர்?" இல்லை, "யார் உங்க கைடு?" என்பதுதான். பதில் வந்ததும் அவருக்கு யார் கைடு என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். இன்னும் ஒரு படி மேலே போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரு பாடகர் என்றால் அவர் யாரிடம் பாடம் கேட்டார், அந்தக் குரு யாருடைய சிஷ்யர் என்று மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் சொல்கிறோம். உ.வே.சா. பெயரை எடுத்தால் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கூடவே வந்துவிடுகிறார். கணிதக்காரர்கள், இயற்பியல்காரர்கள் விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் நமக்கு இல்லை. இத்தனைக்கும் அதைத் தேடி எடுக்கத் தேவையான கருவிகள் முக்கால்வாசி இலவசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும், ஆனால் சில இடங்களில் வழுக்கும். வழுக்கும் இடங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஆளைக் கடைசி வரை பிடித்துக்கொள்வோம்: கணிதக்காரர் சி. எஸ். சேஷாத்ரி. 1932-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் (இனி டிஐஎஃப்ஆர்) பெரிய வேலைகள் செய்துவிட்டுப் பிறகு சென்னைக் கணிதக் கழகத்தை உருவாக்கியவர். இவருக்கு மேலே யார், பக்கத்தில் யார், கீழே யார்?

முதலில் ஒரு தாளை எடுங்கள், இல்லை எக்செல் திறங்கள். ஆறு கட்டம் போதும்: மாணவர், வழிகாட்டி, பட்டம் வாங்கிய ஆண்டு, பல்கலைக்கழகம், உறவு எப்படிப்பட்டது, இது எங்கே கிடைத்தது. கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுவார்கள், நானும் ஆரம்பத்தில் விட்டேன், அப்புறம் ஆறு மாதம் கழித்து என் படத்தையே பார்த்து "இவரை இவருடைய மாணவர் என்று எதை வைத்து எழுதினேன்?" என்று தலையைச் சொறிந்தேன். உறவு என்ற கட்டத்தில் மூன்றே சொற்கள் வைத்துக்கொள்ளுங்கள்: பட்டம், பாடம், கூட்டு. பட்டம் என்றால் ஆய்வேட்டில் அதிகாரபூர்வமாக நெறியாளர் என்று பெயர் இருப்பவர். பாடம் என்றால் உண்மையில் கற்றுக்கொடுத்தவர், ஆர்வத்தைக் கிளப்பியவர், "இதைப் படி" என்று ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தவர். கூட்டு என்றால் சேர்ந்து கட்டுரை எழுதியவர். ஒரே ஆள் மூன்றாகவும் இருக்கலாம், ஆனால் கோடு தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

சரி, தேடல். கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் என்றால் முதலில் போக வேண்டிய இடம் மேத்தமேட்டிக்ஸ் ஜீனியாலஜி ப்ராஜெக்ட். அமெரிக்காவில் ஹாரி கூன்ஸ் என்ற பேராசிரியர் தொண்ணூறுகளில் தொடங்கியது, இப்போது வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் பதிவு உண்டு. பெயரைப் போட்டால் பட்டம், ஆண்டு, ஆய்வேட்டின் தலைப்பு, வழிகாட்டி, கீழே மாணவர்கள் எல்லாம் வரும், வழிகாட்டியின் பெயரைத் தட்டினால் ஒரு படி ஏறிவிடலாம். மற்ற துறைகளுக்கு அகடமிக் ட்ரீ என்று ஒன்று இருக்கிறது. நரம்பியல்காரர்களுக்காக நியூரோட்ரீ என்ற பெயரில் 2005-ல் தொடங்கி, பிறகு வேதியியல், இயற்பியல் என்று கிளை விட்டது. இங்கே யார் வேண்டுமானாலும் பதிவு சேர்க்கலாம் என்பதால், கிடைக்கிற கோட்டை இன்னொரு இடத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விக்கிப்பீடியாவின் தரவுத்தளமான விக்கிடேட்டாவும் உதவும், அதில் எனக்குப் பிடித்த விஷயம், முனைவர் பட்ட நெறியாளர் என்பதற்கு ஒரு பண்பும் 'இன்னாருடைய மாணவர்' என்பதற்கு வேறொரு பண்பும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், அதாவது நம்முடைய பட்டம், பாடம் பிரிவேதான்.

இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையச் சேமிப்பகம். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் நடத்துகிறது. 2009-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வந்த பிறகு பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டின் மின்படியைக் கொடுத்தாக வேண்டும் என்றாகிவிட்டதால் புதிய ஆய்வேடுகள் நிறையக் கிடைக்கும். ஆய்வாளர் பெயரில் மட்டும் தேடாதீர்கள், வழிகாட்டி பெயரிலும் தேடலாம், ஒரு பேராசிரியரின் மாணவர் பட்டியலை அப்படியே இழுத்துவிடலாம். அப்புறம் ஆய்வேட்டைத் திறந்தால் முகப்பு, சான்றிதழ், நன்றியுரை என்று பெரும்பாலும் தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாக இருக்கும். சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர்தான் பட்டக் கோடு. நன்றியுரை பாடக் கோடு. நன்றியுரையில் கைடுக்கு இரண்டு வரியும், வேறொருவருக்கு ஒரு முழுப் பத்தியும் இருந்தால் அந்த வேறொருவரின் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நான் பார்த்தவரை நன்றியுரையைவிட நேர்மையான பக்கம் ஆய்வேட்டில் வேறில்லை (கடைசியில் வரும் "என் அன்பு மனைவிக்கு" பகுதியைத் தவிர்த்துவிட்டு).

சேஷாத்ரிக்கு வருவோம். 1958, பம்பாய்ப் பல்கலைக்கழகம், வழிகாட்டி கே. சந்திரசேகரன். சந்திரசேகரனைத் தட்டினால் சென்னைப் பல்கலைக்கழகம், கே. ஆனந்த ராவ். ஆனந்த ராவ் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர், அதற்கு முன் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே ஆண்டுகளில் அங்கே இருந்து, ராமானுஜனை வரவழைத்த ஜி. எச். ஹார்டியிடமே ஆய்வு செய்தவர். மூன்றே படியில் ஹார்டி! இந்த இடத்தில் எல்லோருக்கும் உற்சாகம் பொங்கும், உடனே மேலே மேலே தட்டத் தோன்றும், தட்டினால் ஹார்டிக்கு லவ், விட்டேக்கர் என்று இரண்டு பேர் வருவார்கள், விட்டேக்கருக்கு ஃபோர்சைத், அவருக்குக் கெய்லி, அவருக்கு ஹாப்கின்ஸ், அவருக்கு செட்ஜ்விக், இன்னும் சில படி போனால் ரோஜர் கோட்ஸ், அவருக்கு மேலே ஐசக் நியூட்டன். காஞ்சிபுரத்திலிருந்து நியூட்டன் வரைக்கும் நேர்க்கோடு.

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும்.

ஹார்டி பிஎச்.டி. வாங்கியவரே இல்லை. கேம்பிரிட்ஜில் அந்தப் பட்டமே முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான் வந்தது. ராமானுஜன் 1916-ல் அங்கே வாங்கியதுகூட ஆராய்ச்சிக்காகக் கொடுத்த பி.ஏ. பட்டம். ஆகவே ஹார்டிக்கு மேலே இருக்கும் எந்தக் கோடும் பட்டக் கோடு இல்லை. லவ் தனக்குச் சில பருவங்கள் பாடம் எடுத்ததாகவும் அவர்தான் முதலில் கண்ணைத் திறந்துவிட்டதாகவும் ஹார்டியே எழுதியிருப்பதால் அது நியாயமான பாடக் கோடு. விட்டேக்கரோ ஹார்டியைவிட மூன்றே வயது மூத்தவர். அப்பாவுக்கும் மகனுக்கும் மூன்று வயது வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? கல்வியில் இது நடக்கக்கூடியதுதான், ஆனாலும் ஆதாரம் கேட்க வேண்டிய இடம். இன்னும் மேலே பாருங்கள்: ஹாப்கின்ஸ், கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்திய பிரபலமான ட்யூஷன் மாஸ்டர், கெய்லி அவரிடம் படித்து 1842-ல் முதலிடம் வாங்கினார். இது நம்மூர் கோச்சிங் உறவு. செட்ஜ்விக் கணிதக்காரரே இல்லை, நிலவியல் பேராசிரியர். ஹாப்கின்ஸ் பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் கழித்து அவருடன் சுற்றிப் பாறைகள் மேல் ஆர்வம் கொண்டார், அதற்காக இந்தக் கோடு. நியூட்டனுக்குக் கோட்ஸ் மாணவர் என்பதைவிட, 1713-ல் அவருடைய பிரின்சிப்பியா நூலின் இரண்டாம் பதிப்பைத் திருத்திக் கொண்டுவந்தவர் என்பதுதான் பொருத்தம்.

அதனால் நியூட்டன் வரை போகும் கோடு பொய் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு கண்ணியும் வேறு வேறு உலோகம், அவ்வளவுதான். என் படத்தில் ஆனந்த ராவுக்குக் கீழே கெட்டிக் கோடு, ஆனந்த ராவுக்கும் ஹார்டிக்கும் நடுவில் புள்ளிக் கோடு, அதற்கு மேலே பென்சில். பொதுவாக 1920-க்கு முந்தைய பிரிட்டிஷ்காரர் யாரைப் பார்த்தாலும் பென்சிலை எடுத்துவிடுங்கள், ஜெர்மானியர்கள் என்றால் முனைவர் பட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒழுங்காக இருந்ததால் பேனாவில் போடலாம். நம் சி. வி. ராமன் விஷயம் இன்னும் தமாஷ், மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்துக் கணக்குத் துறை வேலைக்குப் போனவர், கைடு என்று யாருமே இல்லை, கீழே கே. எஸ். கிருஷ்ணன், ஜி. என். ராமச்சந்திரன் என்று பெரிய பட்டாளம். மேலே காலியாக விடுங்கள். காலியிடத்தை நிரப்ப வேண்டும் என்ற ஆசைதான் இந்த வேலையில் பாதித் தப்புகளுக்குக் காரணம்.

இப்போது சேஷாத்ரியின் கதையில் கருவிகள் காட்டாத ஆள் ஒருவர். சந்திரசேகரன் பகுமுறையும் (அனாலிசிஸ்) எண்கோட்பாடும் செய்தவர். சேஷாத்ரியோ இயற்கணித வடிவியலில் பெயர் வாங்கியவர். கைடிடமிருந்து வராத துறை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள், மாணவரின் துறையும் கைடின் துறையும் ஒட்டாமல் நின்றால் நடுவில் யாரோ ஒளிந்திருக்கிறார் என்று அர்த்தம். லயோலாவில் ஃபாதர் ராசின் என்று ஒரு பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் இருந்தார். பாரிஸில் கணிதக்காரர் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து 1934-ல் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு 1937-ல் இந்தியா வந்தவர், முதலில் திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், பிறகு லயோலா. பழைய கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தையே எல்லோரும் உருப்போட்டுக்கொண்டிருந்த காலத்தில் பிரான்சின் புதிய கணிதத்தை மாணவர்களுக்குக் காட்டி, பம்பாய்க்குப் போய் ஆராய்ச்சி செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன், ராகவன் நரசிம்மன், சி. பி. ராமானுஜம் எல்லோரும் அவர் கை பட்டவர்கள். பட்டக் கோட்டை மட்டும் வைத்து வரைந்தால் இத்தனை பேரில் ஒருவர் பெயருக்கு மேலேகூட ராசின் பெயர் வராது. 1957-ல் சேஷாத்ரி பாரிஸ் போய் மூன்று வருடம் இருந்தது தனிக்கதை, அங்கே செவாலே என்ற கணிதக்காரரைச் சுற்றியிருந்த கூட்டத்தில்தான் அவருடைய கணிதம் முழுசாகத் திரும்பியது.

ராசின் மாதிரி ஆட்களை எங்கே கண்டுபிடிப்பது? இரங்கல் கட்டுரைகளில். கரண்ட் சயின்ஸ், ரெசொனன்ஸ் இதழ்கள், ராயல் சொசைட்டியின் வாழ்க்கைக் குறிப்புகள், அறுபதாவது எழுபதாவது பிறந்தநாள் மலர்கள், பழைய நேர்காணல்கள். "அவர் மட்டும் இல்லையென்றால் நான் வங்கி வேலைக்குப் போயிருப்பேன்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் எங்காவது வரும், அந்த 'அவர்'தான் உங்களுக்கு வேண்டியவர்.

அடுத்து பெயர்க் குழப்பம். தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி, இனிஷியல் வைக்கும் பழக்கம் நம்மைக் காப்பாற்றவே காப்பாற்றாது. மேலே இரண்டு நரசிம்மன்களைப் பார்த்தீர்கள், இருவரும் லயோலா, இருவரும் டிஐஎஃப்ஆர், இருவருக்கும் சந்திரசேகரன்தான் வழிகாட்டி. ஒருவர் எம். எஸ்., இன்னொருவர் ஆர். என்று பிரித்துவிடலாம் என்று நினைத்தால், அதே டிஐஎஃப்ஆரில் இன்னொரு ஆர். நரசிம்மன் உண்டு, ரங்கசாமி நரசிம்மன், இந்தியாவின் ஆரம்பகாலக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கியவர், அவரும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில்தான் பிஎச்.டி.! நான் ஒரு முறை இரண்டு ஆர். நரசிம்மன்களையும் ஒரே கட்டத்தில் போட்டு, பகுமுறைக்காரர் ஒருவர் திடீரென்று கணினி கட்டக் கிளம்பிவிட்டாரே என்று வியந்து ஒரு பத்தி எழுதி, நண்பரிடம் காட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதைவிட மோசம் எஸ். சந்திரசேகர். சுப்ரமணியன் சந்திரசேகர் விண்மீன்களை ஆராய்ந்தவர், 1933-ல் கேம்பிரிட்ஜ் பிஎச்.டி., வழிகாட்டி ஆர். எச். ஃபௌலர், இயற்பியலாளர் டிராக்குக்கும் அவரேதான். சிவராமகிருஷ்ண சந்திரசேகர் பெங்களூரில் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். இருவரும் எஸ். சந்திரசேகர் என்றே கையெழுத்திட்டவர்கள், இருவரும் இயற்பியல், இருவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள், போதாததற்கு ஒருவர் ராமனின் அண்ணன் மகன், மற்றவர் தங்கை மகன். பெயரையும் துறையையும் சொந்தத்தையும் வைத்துப் பிரிக்கவே முடியாது, எந்த ஆண்டு எந்த நிறுவனத்தின் முகவரியில் கட்டுரை வந்தது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எழுத்துக்கூட்டலும் படுத்தும். ஆனந்த ராவ் தன் பெயரை ஆங்கிலத்தில் ஆர்-ஏ-யூ என்று முடிப்பார், ஆர்-ஏ-ஓ என்று தேடினால் ஆளைக் காணோம். கணிதக்காரர் மீனாட்சிசுந்தரத்துக்கு 'மீ' ஒரு ஐ-யா இரண்டு ஈ-யா, ராமானுஜன் 'ன்'-இல் முடிகிறாரா 'ம்'-இல் முடிகிறாரா, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாக வேண்டும். இந்தக் காலத்து ஆட்கள் என்றால் ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கென்று கொடுக்கும் தனி அடையாள எண்) இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கூட்டாக எழுதியவர்கள் பக்கம் வந்தால் ஆட்டம் மாறும். பரம்பரை மேலிருந்து கீழே ஓடும் மரம் என்றால் இது பக்கவாட்டில் பின்னிய வலை. கணிதத்தில் தேட மேத்சைநெட்டும், 2021 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட இசட்பிமேத்தும், கணினி அறிவியலுக்கு டிபிஎல்பி, மற்றதற்கெல்லாம் கூகுள் ஸ்காலர், ஓப்பன்அலெக்ஸ். படிக்கும்போது துறைப் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். கணிதத்தில் பெயர்கள் அகர வரிசையில் போகும், நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தில் (1965) நரசிம்மன் முதலில் வருவது எழுத்து வரிசையால்தான், யார் பெரியவர் என்பதற்கு அதில் ஒன்றுமில்லை. உயிரியல், வேதியியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவர், முதல் பெயர் இரவு பகலாகச் சோதனை செய்த மாணவர். அங்கே ஒருவரின் முதல் இரண்டு மூன்று கட்டுரைகளில் கடைசிப் பெயர் யார் என்று பார்த்தாலே கைடைக் கிட்டத்தட்ட ஊகித்துவிடலாம். ஊகம்தான், சான்றிதழ் பார்க்காமல் கெட்டிக் கோடு போடாதீர்கள்.

மாணவரே பிறகு கூட்டாளி ஆவதும் சகஜம். லட்சுமிபாய், முசிலி இருவரும் சேஷாத்ரியின் மாணவர்கள், அப்புறம் மூவரும் சேர்ந்து தொடர் கட்டுரைகள் எழுதினார்கள். இருவருக்கும் இரண்டு கோடு போடுங்கள். கூட்டுக் கோடு வேறு மாதிரியும் உதவும், பரம்பரையில் தெரியாத பயணங்களை அது காட்டிக்கொடுக்கும். சென்னையில் படித்த மீனாட்சிசுந்தரம் ஸ்வீடன்காரர் ப்ளெய்யலுடன் 1949-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதியிருக்கிறார், சந்திரசேகரன் அதே ஆண்டில் போக்னருடன் புத்தகம் போட்டிருக்கிறார். இரண்டையும் எப்படி என்று தோண்டினால் இரண்டு பேரும் நாற்பதுகளின் பின்பாதியில் பிரின்ஸ்டனில் இருந்தது தெரியவரும்.

எர்டோஷ் எண் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். ஹங்கேரிக் கணிதக்காரர் பால் எர்டோஷ் (1913–1996) சுமார் 1500 கட்டுரைகள், ஐநூற்றுக்கும் மேற்பட்ட கூட்டாளிகள். அவருடன் நேரடியாக எழுதியிருந்தால் எண் 1, அப்படி எழுதியவருடன் எழுதியிருந்தால் 2, இப்படியே போகும். 1975-ல் சென்னையில் விவேகானந்தா கல்லூரி மாணவராக இருந்த கிருஷ்ணசுவாமி அல்லாடியைப் பார்க்க எர்டோஷ் தன் பயணத்தையே சென்னை வழியாகத் திருப்பிக்கொண்டு வந்தார், அதன் பலனாக அல்லாடிக்கு எண் 1. அந்த அல்லாடியின் கைடு எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸ், ஐன்ஸ்டைனின் உதவியாளராக இருந்தவர். உடனே "ஐன்ஸ்டைனின் கல்விப் பேரன் அல்லாடி" என்று எழுதிவிடாதீர்கள், ஸ்ட்ராஸ் பிஎச்.டி. வாங்கியது கொலம்பியாவில், முர்ரேயிடம். ஐன்ஸ்டைனுடன் இருப்பது கூட்டுக் கோடு, ஸ்ட்ராஸ் எர்டோஷுடனும் எழுதியிருப்பதால் ஐன்ஸ்டைனின் எண் 2 ஆனதும் அந்த வழியில்தான்.

கையாலேயே கணக்குப் போட்டும் பார்க்கலாம். ராமானுஜன் ஹார்டியுடன், ஹார்டி லிட்டில்வுட்டுடன், லிட்டில்வுட் ஆஃபர்டுடன், ஆஃபர்ட் 1956-ல் எர்டோஷுடன். நான்கு கண்ணி. இதற்கு அர்த்தம் எண் நான்குக்கு மேல் போகாது என்பது மட்டுமே, குறுக்கு வழி இருக்கிறதா என்பதை மேத்சைநெட்டின் தொலைவுக் கருவியில் இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள், அதற்குச் சந்தா கட்டத் தேவையில்லை. வருகிற ஒவ்வொரு கண்ணியையும் திறந்து பார்க்கவும், பெயர் ஒத்துப்போன வேறு ஆள் நடுவில் புகுந்திருந்தால் மொத்தச் சங்கிலியும் காலி.

படம் வரைய கிராஃப்விஸ் என்ற மென்பொருள் போதும், எக்செல் கட்டங்களை வரிக்கு ஒரு அம்பாக மாற்றிக் கொடுத்தால் அதுவே அடுக்கிக்கொள்ளும், கோட்டு வகையையும் மாற்றலாம். மரமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு கைடு இருப்பவர்களால் கிளைகள் மேலே போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆண்டுகளை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், கைடு இறந்த பிறகு மாணவர் சேர்ந்ததாக வந்தால் எங்கோ பெயர் மாறியிருக்கிறது.

பழைய சென்னைப் பல்கலைக்கழக ஆட்கள் பலருக்குப் பதிவில் வழிகாட்டி கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும். உங்கள் கல்லூரி நூலகத்தின் தூசி பிடித்த அலமாரியில் அந்த ஆய்வேடு இருந்தால் முகப்பையும் சான்றிதழ்ப் பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஜீனியாலஜி தளத்தில் தகவல் அனுப்பப் படிவம் இருக்கிறது. அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள், தன்னார்வலர்கள் சரிபார்த்துச் சேர்ப்பதால் கொஞ்ச நாள் ஆகும்.